சிலம்பம், சன்னது, சுவடி

வ.உ.சிதம்பரம் பிள்ளையின் சுயசரிதையில் கப்பல் வந்து சேர நேரமாகும். அதற்கு முன்னால் கோலிக்குண்டு வரும், சடுகுடு வரும், நீச்சல் வரும், குதிரையேற்றம் வரும். மல்யுத்தம், சிலம்பம், வில் என்று போய், உட்கார்ந்து ஆடும் சதுரங்கம் வரைக்கும் ஒட்டப்பிடாரத்துப் பையன் ஒருவன் என்னவெல்லாம் ஆடினான் என்று சொல்லிக்கொண்டே போகிறார். இதை எழுதத் தொடங்கியபோது அவர் சிறையில் இருந்தார். வயது நாற்பதை நெருங்கிவிட்டது. கம்பெனி மூழ்கிவிட்டது. கையில் காசில்லை. வழக்கைப் பற்றியும், கட்சியைப் பற்றியும், கைவிட்டவர்களைப் பற்றியும் எழுத எவ்வளவோ இருக்கும்போது ஒரு மனிதர் எதற்காக உட்கார்ந்து கோலிக்குண்டைப் பற்றிச் செய்யுள் எழுதுகிறார்?

இந்தக் கேள்வியைப் பெரும்பாலான வாசகர்கள் கேட்பதில்லை. காரணம், சுயசரிதையைக் கையில் எடுக்கும் முன்பே நமக்கு அவரைத் 'தெரியும்'. 1961இல் பந்துலு எடுத்த படத்தில் சிவாஜி கணேசன் செக்கை இழுத்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் 'செக்கிழுத்த செம்மல்' என்று 2 மதிப்பெண்ணுக்கு எழுதிவிட்டோம். எங்கள் கோவைக்காரர்களுக்கோ அவர் பெயர் ஒரு இடப்பெயர். வ.உ.சி. மைதானத்தில் பொருட்காட்சி, வ.உ.சி. பூங்காவில் குழந்தைகளோடு ஒரு ஞாயிறு, முடிந்தது. காரமடையிலிருந்து பஸ் ஏறிப் போய் அந்த மைதானத்தில் அப்பளம் தின்றவர்களில் எத்தனை பேருக்கு, இந்த ஆள் மணக்குடவர் உரையைப் பதிப்பித்தவர் என்று தெரியும்? தெரியாததால் யாருக்கும் நஷ்டமில்லை என்று சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு மனிதரின் துன்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அவருடைய வேலையை விட்டுவிடுவது ஒரு வகையான சோம்பேறித்தனம். அதுக்கு மாலை, மரியாதை எல்லாம் உண்டு, அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் இன்னொரு ஆளைப் பார்த்துவிட்டு வரலாம். வால்டர் ரை என்று ஒரு ஆங்கிலேயர். 1843இல் பிறந்தவர், விக்டோரியா காலத்து ஆசாமி. தொழில் சொலிசிட்டர். நடைப்போட்டி வீரர். காடு மேடு தாண்டி ஓடும் 'கிராஸ் கன்ட்ரி' ஓட்டம் இங்கிலாந்தில் ஒரு விளையாட்டாக ஊன்றியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அதற்கான சங்கம் ஒன்றை 1868இல் தொடங்கியவர்களில் முக்கியமானவர். மீதி நேரத்தில் நார்ஃபோக் மாவட்டத்தின் பழைய ஆவணங்களைத் தோண்டி வரிசையாக நூல்கள் எழுதினார். பெரிய குடும்பங்கள் தங்களுக்குத் தாங்களே கட்டிக்கொண்ட போலி வம்சாவளிகளைப் போட்டு உடைப்பதில் அவருக்குத் தனி சந்தோஷம். விளையாட்டு, சட்டம், புலமை மூன்றும் ஒரே உடம்பில். அந்தக் காலத்து இங்கிலாந்தில் இப்படி நிறையப் பேர் இருந்தார்கள். ஒரு சங்கம், ஒரு நூலகம், ஒரு நிலையான வருமானம், சாயங்காலம் காலியாக இருக்கும் நேரம். இந்த நான்கும் இருந்தால் மூன்று துறைகளில் கால் வைக்க முடியும்.

1908இல் வால்டர் ரை நார்விச் நகரத்தின் மேயர் ஆனார். அதே 1908 ஜூலையில் வ.உ.சி. கோவைச் சிறைக்குக் கொண்டுவரப்பட்டார்.

இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவது இங்கிலாந்தைத் திட்டுவதற்காக இல்லை. வ.உ.சி.யும் விக்டோரியா காலத்து மனிதர்தான் என்பது நமக்கு மறந்துபோகிறது. பிறந்தது 1872 செப்டம்பர் 5. மகாராணி இறந்த 1901இல் அவருக்கு 28 வயது. அதற்குள் தூத்துக்குடியில் வக்கீலாக இருந்தார். அப்பா உலகநாத பிள்ளையும் வக்கீல். திண்ணைப் பள்ளி, ஆங்கிலப் பள்ளி, கொஞ்ச நாள் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா வேலை, பிறகு திருச்சியில் சட்டம், 1895இல் ஒட்டப்பிடாரத்தில் தொழில். உடம்பில் சிலம்பம், தலையில் குற்றவியல் சட்டம், மனசில் சைவமும் தமிழும். பொருட்களைப் பார்த்தால் ரையிடம் இருந்த அதே மூன்று பொருட்கள்தான். அவற்றைக் கொண்டு என்ன செய்ய விட்டார்கள் என்பதில்தான் கதை பிரிகிறது.

நம்மவர்கள் இப்படிப்பட்ட ஆட்களைப் 'பன்முக ஆளுமை' என்று ஒரு சொல்லில் அடைத்துவிடுவார்கள். எனக்கு அந்தச் சொல் மேல் நம்பிக்கை போய் ரொம்ப நாள் ஆச்சு. எங்கள் தொழிலில் எல்லோருடைய ரெஸ்யூமேயிலும் 'ஃபுல் ஸ்டாக்' என்று இருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் ஒன்று மட்டும் உருப்படியாகத் தெரியும், மற்றதெல்லாம் தொட்டுப் பார்த்தது. வ.உ.சி.யிடம் நான் பார்ப்பது பல முகங்களை அல்ல. வழக்காடும் குணம் ஒன்றுதான் அவரிடம் எல்லா இடத்திலும் வேலை செய்கிறது. எதிரில் ஒரு ஆள் வேண்டும், ஒரு விதி வேண்டும், அந்த விதிக்குள் நின்று ஜெயிக்க வேண்டும். சிலம்பத்திலும் அதுதான், கோர்ட்டிலும் அதுதான், சுவடியிலும் அதுதான்.

சுதேசிக் கப்பல் கம்பெனியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1906 அக்டோபர் 16இல் அதை முறைப்படி பதிவு செய்கிறார். மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் தலைவர். வெள்ளைக்காரனின் கம்பெனிச் சட்டத்தைக் கையில் எடுத்து, அதன்படியே ஒரு கம்பெனி கட்டி, 'காலியா', 'லாவோ' என்று இரண்டு கப்பல்களைக் கொண்டுவந்து, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவில் விட்டு, வெள்ளைக்காரக் கம்பெனியோடு போட்டிக்கு நிற்கிறார். இது ஒரு வக்கீலின் மூளை. விதிப்புத்தகத்தைக் கிழிக்காமல், அதைத் திருப்பிப் பிடிக்கிற மூளை.

ஆனால் ஆட்டத்தின் விதியை எதிராளி மாற்றலாம் என்று வந்தால்? இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 124ஏ என்கிற ராஜத்துரோகப் பிரிவு சேர்க்கப்பட்டது 1870இல், அவர் பிறப்பதற்கு 2 வருஷம் முன்னால். 1908 மார்ச்சில் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் முடிந்த சூட்டோடு கைது, ஜூலை 7இல் நீதிபதி பின்ஹேயின் தீர்ப்பு. தான் பேசியதற்கு ஒரு ஆயுள் தண்டனை, சுப்பிரமணிய சிவாவுக்குத் துணை நின்றதற்கு இன்னொன்று. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. ஆனால் சன்னது போனது. வக்கீல் தொழில் செய்ய அரசு கொடுக்கும் அனுமதிப் பத்திரத்தை அப்போது சன்னது என்பார்கள். அது இல்லாவிட்டால் கோர்ட்டில் அவர் பார்வையாளர்.

இனி செக்கு. இதைப் பற்றிப் பேசாமல் கோவையில் வ.உ.சி.யைப் பற்றி எழுத முடியாது. ஆனால் பேசுகிறவர்கள் பெரும்பாலும் செக்கைப் பார்த்ததில்லை.

காரமடையில் இப்போது மரச்செக்கு எண்ணெய்க் கடைகள் நிறைய. எல்லாம் மோட்டார். மாடு சுற்றிய காலத்துச் செக்கை எங்கள் அப்பிச்சி பார்த்திருக்கிறார். உரலுக்குள் உலக்கை சாய்வாக நிற்கும். உலக்கையின் தலை ஒரு நீளக் கட்டையோடு இணைந்திருக்கும், கட்டை மேல் பாரக்கல். மாடு கட்டையை இழுத்துக்கொண்டு சுற்றினால் உலக்கை உரலின் சுவரோடு எள்ளை நசுக்கும். "மாட்டுக்குக் கண்ணைக் கட்டி உடுவாங்க, இல்லாட்டிக் கிறுகிறுன்னு வந்துரும்" என்பார். முதலில் எள் உதிரியாக இருக்கும்போது இழுவை லேசு. போகப்போக நசுங்கி இறுகிப் புண்ணாக்காகும்போது ஒவ்வொரு சுற்றும் கனக்கும். நல்ல காளைக்கே நுரை தள்ளும் என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, "மனுசனைப் போயிக் கட்டுனாங்களே" என்பார்.

கோவைச் சிறையில் வ.உ.சி.க்கு முதலில் சணல் இயந்திரத்தைச் சுற்றும் வேலை. உள்ளங்கைத் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. பிறகு செக்கு. வெயிலில். சிறை அனுபவத்தை இந்தச் சுயசரிதை சொல்லும் இடங்களைப் படிக்கும்போதுதான் கோலியும் சடுகுடுவும் எதற்கு முன்னால் வந்தன என்பது எனக்கு விளங்கியது. அவர் தன் உடம்பின் கதையை எழுதிக்கொண்டிருக்கிறார். ஓடிய உடம்பு, நீந்திய உடம்பு, கம்பு சுற்றிய உடம்பு. விளையாட்டில் ஒரு உடம்பு தானாக விரும்பிச் சுற்றும். சிறையில் அதே உடம்பைச் சுற்ற வைக்கிறார்கள். இரண்டையும் அவர் ஒரே நடையில் எழுதுகிறார். முதலில் குதூகலம், பிறகு ஒப்பாரி என்று குரலை மாற்றுவதில்லை. தன்மேல் இரக்கம் தேடும் வேலையை அவர் செய்யவே இல்லை. படம் பார்த்துவிட்டு நூலுக்கு வருகிறவர்களுக்கு இது ஏமாற்றமாகக் கூட இருக்கலாம். வசனம் இல்லை, பின்னணி இசை இல்லை. இன்ன வேலை கொடுத்தார்கள், செய்தேன், இன்னது ஆனது. ஒரு சாட்சி கூண்டில் ஏறிச் சொல்வது போல.

அகவல் யாப்பு இதற்கு உதவுகிறது. பாரதியும் தன் சுயசரிதையைச் செய்யுளில்தான் எழுதினார். ஆனால் அங்கே கவிஞன் முன்னால் நிற்பான். வ.உ.சி. பெரிய கவிஞர் இல்லை. இதைச் சொன்னால் யாரும் கோபப்பட வேண்டியதில்லை, பல இடங்களில் சீர் நிரப்பச் சொல் தேடியிருக்கிறார் என்பது வாசித்தாலே தெரியும். அகவல் அவருக்கு ஒரு வண்டி. பொருளை ஏற்றி ஓட்டிக்கொண்டு போகலாம், நிறுத்தாமல். பட்டியல்கள், பெயர்கள், நடந்தவற்றின் வரிசை எல்லாம் அதில் நன்றாக ஓடும். ஓடாதது தயக்கம். ஒரு முடிவுக்கு முன்னால் மனசு என்ன பாடுபட்டது, யார் மேல் சந்தேகம் வந்தது, கம்பெனியில் பங்கு போட்டவர்களின் முகத்தைப் பார்க்க முடியாமல் எப்படித் தூங்கினார் என்பதெல்லாம் உரைநடையில் ஒரு பத்தி எழுதியிருந்தால் வந்திருக்கும். உதவியவர்களின் பெயரை அடுக்கி நன்றி சொல்லும் இடங்களில் நான் பக்கம் தள்ளியிருக்கிறேன். அவருக்கு அது கடன், வாசகனுக்கு அது பாரம்.

இந்த நூல் யாருக்காக எழுதப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். பரலி சு. நெல்லையப்பர் போன்ற இளையவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுதியது. நெல்லையப்பர், வ.உ.சி. சிறையில் இருந்தபோது கோவைக்கு வந்து தங்கி உதவியவர். முன்பின் தெரியாத வாசகனுக்கு எழுதும் நினைவு நூலாசிரியருக்கு இல்லை. தெரிந்த தம்பிகளுக்குச் சொல்கிறார். அதனால்தான் அந்த அவசரமும், அந்த நெருக்கமும். நூலாக அது வந்தது 1946இல், அவர் இறந்து 10 வருஷம் கழித்து.

சிறையில் உடம்பு சுற்றிக்கொண்டிருந்தபோது மற்ற இரண்டும் சும்மா இருக்கவில்லை. உள்ளிருந்தபடியே அரசுக்கு மனுமேல் மனு அனுப்பிக்கொண்டிருந்தார், சட்ட நுணுக்கங்களோடு. ஜேம்ஸ் ஆலனின் சின்ன ஆங்கில நூல் ஒன்றை 'மனம்போல வாழ்வு' என்று தமிழாக்கினார். தொல்காப்பியத்தைப் படித்தார். ஆலன் இன்றைக்கு நம்ம ஊர் ரயில்நிலையப் புத்தகக் கடைகளில் 'தன்னம்பிக்கை' வரிசையில் இருக்கிறார், அதைப் பார்த்துச் சிலர் உதட்டைப் பிதுக்கலாம். ஆனால் மனம் நினைப்பதே வாழ்வாகிறது என்ற கருத்தை ஏசி அறையில் படிப்பது வேறு, பகல் முழுக்கக் கடின உழைப்பைச் செய்துவிட்டு அறைக்குத் திரும்பிய கைதி தமிழில் எழுதுவது வேறு. அவருக்கு அது தன்னம்பிக்கை நூலாக இருந்திருக்காது. உடம்பு அடுத்தவன் கையில் இருக்கும்போது மிச்சம் என்ன தன் கையில் என்ற கணக்காக இருந்திருக்கும். 'மெய்யறம்' என்று அவர் சொந்தமாக எழுதிய அறநூல் 1914இல் வந்தது. அதிகாரத்துக்குப் 10 அடியாக 125 அதிகாரம். குறளின் நிழல் விழாத பக்கமே இல்லை. மதிக்கலாம், தொடர்ந்து படிப்பது சிரமம்.

புலமையில் அவர் உண்மையாக நிற்கும் இடம் பதிப்புதான். திருக்குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் எழுதிய உரையை 1917இல் அச்சிட்டார். குறள் என்றால் பரிமேலழகர் என்று இருந்த காலத்தில், அவருக்கு முந்தைய உரைகாரர் ஒருவரைப் படிப்பவர்கள் கையில் கொடுத்தது சின்ன வேலை இல்லை. தொல்காப்பியத்திலும் இதே கதை. நச்சினார்க்கினியரைத் தாண்டி அவருக்கு முந்தைய இளம்பூரணரிடம் போகிறார், அந்த உரையைப் பதிப்பிக்கிறார். பொருளதிகாரத்தில் வையாபுரிப் பிள்ளையும் கைகோத்தார். எப்போதும் முந்தைய சாட்சியைத் தேடிப் போகும் பழக்கம். சம்பவத்துக்குக் கிட்ட இருந்தவன் சொல்வதைக் கேள் என்பது கிரிமினல் வக்கீலின் பாலபாடம்.

தானே எழுதிய அறத்துப்பால் உரையில் இன்னும் ஒரு படி மேலே போனார். குறளின் முதல் 3 அதிகாரங்களான கடவுள் வாழ்த்து, வான்சிறப்பு, நீத்தார் பெருமை திருவள்ளுவர் எழுதியவை அல்ல, பின்னால் சேர்த்தவை என்றார். யோசித்துப் பாருங்கள். ஆழ்ந்த சைவர், தினசரி கடவுளை நினைக்கிறவர், தமிழர்கள் மனப்பாடமாகச் சொல்லும் முதல் குறளையே கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்கிறார். அவர் முடிவோடு எனக்கு உடன்பாடு இல்லை; தமிழ் உலகமும் அதை ஏற்கவில்லை. ஆனால் பக்தியை வெளியே கழற்றி வைத்துவிட்டு நூலுக்குள் போன அந்தத் துணிச்சல் இன்றைக்குப் பேராசிரியர்களிடம்கூட அபூர்வம்.

இதே ஆள் 'இன்னிலை'யில் சறுக்கினார். பதினெண்கீழ்க்கணக்கில் பதினெட்டாவது நூல் எது என்று ஒரு பழைய சண்டை உண்டு. பொய்கையார் பாடியது என்று ஒரு பிரதி அவரிடம் வந்தது. நம்பினார், உரையும் எழுதிப் பதிப்பித்தார். பின்வந்த ஆய்வாளர்கள் அது பிற்காலத்தில் யாரோ கட்டிய போலி என்று தள்ளிவிட்டார்கள். அந்த இடத்துக்குக் 'கைந்நிலை' வந்தது. முதல் குறளைச் சந்தேகப்பட்டவர் இதை ஏன் சந்தேகப்படவில்லை?

வால்டர் ரையாக இருந்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பார் என்று நினைக்கிறேன். அறிவு அதிகம் என்பதால் அல்ல. அவருக்கு நேரம் இருந்தது. பக்கத்திலேயே ஆவணக் காப்பகம் இருந்தது, ஒப்பிட வேறு பிரதிகள் இருந்தன, தப்பு என்றால் கடிதம் போட்டுச் சண்டை பிடிக்க அதே ருசியுள்ள நண்பர்கள் இருந்தார்கள். வ.உ.சி. 1912 டிசம்பரில் கண்ணனூர்ச் சிறையிலிருந்து வெளியே வந்தபோது சன்னது இல்லை, கம்பெனி இல்லை. 1911லேயே அதைக் கலைத்துவிட்டார்கள். சென்னையில் சின்னச் சின்ன வியாபாரம் செய்து குடும்பத்தை ஓட்டிப் பார்த்தார். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காகத் திரட்டிய பணம் காந்தி வழியாக வர வேண்டியிருந்தது. அதற்காக அவர் காந்திக்கு எழுதிய கடிதங்களை ஆ.இரா. வேங்கடாசலபதி தேடி எடுத்து ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். கடைசியில் 1916இல் வந்த தொகை 347 ரூபாய் 12 அணா. அந்தக் கடிதங்களின் காலமும் மணக்குடவர் பதிப்பின் காலமும் ஒன்றுதான். ஒரு கையில் பணத்துக்கு நினைவூட்டுக் கடிதம், இன்னொரு கையில் ஏட்டுப் பிரதி.

கோவையிலேயே ஒப்பிட ஒருவர் இருக்கிறார். சி.கே. சுப்பிரமணிய முதலியார். வக்கீல். வ.உ.சி. கோவைச் சிறையில் இருந்தபோது உதவிய உள்ளூர்க்காரர்களில் ஒருவர். பெரியபுராணத்துக்கு 7 தொகுதிகளாக அவர் எழுதிய உரை இன்றும் சைவர்களுக்கு அதிகார நூல். அதைப் பிரித்தால் ஒரு நிதானம் தெரியும். சொல்லுக்குச் சொல், தலத்துக்குத் தலம், எதையும் விடாமல், அவசரமே இல்லாமல். கோர்ட்டு, வீடு, கோயில், மேசை என்று ஒரே ஊரில் பல பத்தாண்டுகள் உட்கார்ந்திருந்தவரின் உரை அது. வ.உ.சி.யின் பதிப்புகளில் அந்த நிதானத்தைத் தேடினால் கிடைக்காது. அவர் ஊர் ஊராக நகர்ந்துகொண்டிருந்தார். 1920களின் தொடக்கத்தில் மறுபடி இதே கோவைக்கு வந்து, இந்த முறை வெளியே, தொழிற்சங்கம், வங்கி வேலை என்று சில வருஷம் இருந்தார். வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் தயவில் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காக மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். பிறகு கோவில்பட்டி, கடைசியில் தூத்துக்குடி. இந்த ஓட்டத்துக்கு நடுவில் கிடைத்த இடைவெளிகளில் செய்ததுதான் அவருடைய புலமை. 'அவ்வளவு கஷ்டத்திலும் தமிழ்ப்பணி' என்று மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்கலாம். ஒரு விமர்சகன் பார்க்க வேண்டியது வேறு: அந்தக் கஷ்டம் வேலையில் எங்கெங்கே தழும்பு போட்டது என்று. இன்னிலை ஒரு தழும்பு. சுயசரிதையின் பாதியில் நின்றுபோன வடிவம் இன்னொன்று.

ஆமாம், பாதிதான். 1912 விடுதலையோடு அந்த அகவல் நின்றுவிடுகிறது. அதன்பிறகு அவர் 24 வருஷம் உயிரோடு இருந்தார். அந்த 24 வருஷத்துக்குச் செய்யுள் இல்லை. சிறையைப் பாட முடிந்தவருக்கு வறுமையைப் பாட முடியவில்லை, அல்லது விருப்பமில்லை. சிறையில் எதிரே ஒரு எதிராளி இருந்தான். ஜெயிலர், சட்டம், சாம்ராஜ்யம். வெளியே வந்தபின் எதிராளி யார்? மறந்துபோன கட்சிக்காரர்களா, வட்டிக் கணக்கா? அவரால் வழக்காட முடியாத ஒரே காலம் அது என்று எனக்குத் தோன்றுகிறது. 1927இல் சேலத்தில் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கப் போனது தவிர மேடையும் பெரிதாக இல்லை.

அந்தப் பின்பாதியை நாம் அவருடைய பதிப்புரைகளிலிருந்தும் கடிதங்களிலிருந்தும் உயிலிலிருந்தும் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது. 1936 நவம்பர் 18இல் இறப்பதற்கு முன் எழுதிய அந்த உயிலில் எந்தெந்தக் கடைக்கு எவ்வளவு பாக்கி என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறார். சுயசரிதையின் அதே குரல். இன்ன இடம், இன்ன தொகை, இன்ன ஆள். அதில் ஒரு எண்ணெய்க் கடையும் உண்டு.

கோவை மத்திய சிறையைக் காந்திபுரத்திலிருந்து எங்கள் பக்கம் பிளிச்சிக்கு மாற்ற ஏற்பாடு நடக்கிறது. சிறை நிலத்தின் ஒரு பகுதியில் செம்மொழிப் பூங்கா வந்துவிட்டது. வ.உ.சி. பிறந்த நாளில் மாலை போடப்படும் செக்கு அந்த வளாகத்தில்தான் இருக்கிறது. அது எங்கே போகும், எப்படி வைப்பார்கள் என்று ஊரில் பேச்சு வரத்தான் செய்யும், வரட்டும். பூங்காவுக்குச் செம்மொழி என்று பெயர் வைத்த இடத்தில் ஒரு கைதி தொல்காப்பியம் படித்திருக்கிறார் என்ற தகவலையும் யாராவது ஒரு பலகையில் எழுதி வைத்தால் நல்லது. படிப்பவர்களுக்கு என் பக்கத்திலிருந்து ஒரு வழி: சுயசரிதையின் விளையாட்டுப் பகுதியையும் சிறைப் பகுதியையும் முதலில் படியுங்கள், நன்றிப் பட்டியல்களைத் தாண்டிவிடுங்கள், பிறகு மணக்குடவர் பதிப்பைக் கையில் எடுங்கள். மெய்யறம் பொறுமை உள்ளவர்களுக்கு. இன்னிலை உரையை நூலகத்தில் தேடிப் பிடித்தால் கட்டாயம் பாருங்கள். போலி நூலுக்கு ஒரு நேர்மையான மனிதர் எழுதிய உரை எப்படி இருக்கும் என்பதைத் தமிழில் வேறு எங்கேயும் பார்க்கக் கிடைப்பது கஷ்டம்.